இடது முன்சக்கரத்தில் ‘டொக் டொக்’ சத்தம்: அப்சார்பர் மாற்றியும் நிற்கவில்லை

பாயான் லெப்பாஸ் ஓட்டுநர்:
வணக்கம். என்னுடையது முன்சக்கர இயக்கமுள்ள பழைய ஹேட்ச்பேக். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக இடது முன்பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்ற சத்தம் கேட்கிறது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் குழிகளுக்கு ஒட்டுப்போட்ட சாலைகளில் மெதுவாகப் போகும்போது அது அதிகமாகவும், எங்கள் குடியிருப்பின் வேகத்தடைகளில் நேராக ஏறி இறங்கும்போது அநேகமாக இல்லாமலும் இருக்கிறது. பட்டறையில் சொன்னபடி முன் அப்சார்பர் (சாலை அதிர்வைத் தாங்கும் உருளை) இரண்டையும் மாற்றிவிட்டேன், சத்தத்தில் மாற்றமில்லை. இப்போது லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை), ஸ்டீரிங் ரேக் (ஸ்டீரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) என்று அடுத்த பட்டியலை நீட்டுகிறார்கள். மேற்கொண்டு வெள்ளியைக் கொட்டுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல் பட்டறைக்காரர்:
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வேகத்தடையில் நேராக ஏறும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் உயர்வதால், அவற்றை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கப்படாமல் தன் புஷ்ஷுக்குள் (அதைப் பிடித்திருக்கும் ரப்பருக்குள்) சும்மா சுழன்றுகொடுக்கும். அதன் முனைகளில் உள்ள லிங்க் என்ற சிறு இணைப்புத் தண்டுகளுக்கு அப்போது பெரிய வேலை கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் பார் முறுக்கிக்கொள்ளும், லிங்க்கின் பால் ஜாயின்ட் (குமிழ் மூட்டு) தேய்ந்திருந்தால் அந்த இடைவெளியில் தட்டும். அப்சார்பரோ அதன் மேல் மவுண்டிங்கோ கெட்டிருந்தால் வேகத்தடையிலும் சத்தம் வந்திருக்கும். ஆகவே என் சந்தேகம் முதலில் லிங்க் மேல்தான். அடுத்து பாரின் புஷ்.

இதைச் சோதிப்பதில் பல பட்டறைகள் சறுக்குகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினால், முறுக்கிக்கொண்ட பார் லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், தேய்ந்த ஜாயின்ட்டும் ஆடாமல் புதியதைப்போல் நிற்கும். நான்கு சக்கரங்களும் எடை தாங்கி நிற்கும் நிலையில், சரிவுப் பலகை மீதோ, அடியில் இறங்கிப் பார்க்கக் குழி உள்ள பட்டறையிலோ வைத்து, லிங்க்கைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால் இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, அதே ஒட்டுப்போட்ட சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கிவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். லிங்க் இல்லாத கார் வளைவில் அதிகம் சாயும் என்பதால், அந்த நிலையில் பெருஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம். லிங்க் ஒரு ஜோடியின் விலை, நீங்கள் அப்சார்பருக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான்.

பிறை நண்பர்:
மேலே சொன்னதோடு செலவில்லாத ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தம் வரும் சாலையில் பிரேக்கை மெல்ல மிதித்தபடி ஓட்டும்போது சத்தம் நின்றால், அது சஸ்பென்ஷன் (சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) அல்ல. பிரேக் பேடோ, அதை அழுத்தும் காலிப்பரின் பின்னோ ஆடுகிறது என்று பொருள். எதைத் தள்ளிப்போட்டாலும் லோவர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பார்க்காமல் விடாதீர்கள்: லிங்க் உடைந்தால் சத்தமும் சாய்வும்தான், பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவர் அந்த ஜாயின்ட்டைக் கவனிக்க வேண்டும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) நிலை தெரிந்துவிடும்.

பாயான் லெப்பாஸ் ஓட்டுநர்:
இருவருக்கும் நன்றி. வேறொரு பட்டறையில் லிங்க்கைக் கழற்றி ஓட்டிப் பார்த்தோம். சத்தம் அறவே இல்லை. இடது லிங்க்கின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகத் துருநிறச் சேறு இருந்தது. கழற்றியதும் அதன் தண்டு தானாகவே தலைசாய்த்துத் தொங்கியது. ஜோடியாக மாற்றியாகிவிட்டது, லோவர் ஆர்ம் பால் ஜாயின்ட் நன்றாகவே இருக்கிறது. முன்பு அந்தச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்ததோ என்னவோ, வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது ‘கிரீச்’ என்ற மெல்லிய ஒலி இப்போது கேட்கிறது. மழை நாளில் அதுவும் இல்லை. இதற்கும் அலைன்மென்ட்டுக்கும் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) தொடர்பு உண்டா?

செந்தூல் பட்டறைக்காரர்:
அலைன்மென்ட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லிங்க் மாற்றியதற்காக அலைன்மென்ட் செய்யவும் தேவையில்லை. ஆனால் அப்சார்பரைக் கழற்றி மாட்டியபின் செய்யாமல் விட்டிருந்தால் இப்போதே செய்துவிடுங்கள், இல்லையென்றால் டயர் ஓரம் தேய்ந்துபோகும். மழையில் மறையும் கிரீச் ஒலி பெரும்பாலும் காய்ந்துபோன ரப்பரின் வேலை. பாரின் புஷ்ஷில் தண்ணீரைத் தெளித்து ஓட்டிப் பாருங்கள். ஒலி போய்விட்டால் அந்தப் புஷ்ஷை மாற்றினால் போதும். எண்ணெய் ஊற்றாதீர்கள், இயற்கை ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். போகவில்லை என்றால் லோவர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டியிருக்கும். அதை மாற்றும்போது ஒன்றை மட்டும் கண்ணெதிரே நின்று உறுதிசெய்துகொள்ளுங்கள்: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுதியாக முடுக்கக் கூடாது. காரின் எடை சக்கரத்தில் இறங்கியபின் முடுக்கினால்தான் ரப்பர் முறுக்கில்லாமல் உட்காரும். அப்படிச் செய்யாத புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும்.