எல்க் கறி சமைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. நாங்கள் அமெரிக்காவில், கொலராடோவில் இருக்கிறோம். எல்க் என்பது இங்கே மலைக்காடுகளில் இருக்கும் பெரிய மான் வகை. என் கணவர் முறையாக லைசென்ஸ் எடுத்து, அலுவலக நண்பர்களோடு மலைக்குப் போய் ஒரு பெண் எல்க் அடித்து வந்திருக்கிறார். எல்க் பெட்டையே 200 கிலோவுக்கு மேல் வரும். எலும்பு நீக்கிப் பங்கு போட்டும் எங்கள் ஃப்ரீசர் நிரம்பிவிட்டது.

சிடபிள்யூடி பற்றிக் கேட்பீர்கள், தெரியும். மான் இனத்துக்கு வரும் அந்த மூளை நோய் இங்கே உண்டு. அதற்குக் காரணமான புரதம் சமையல் சூட்டில் அழியாது. அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று வந்த பிறகுதான் கறியைத் தொட்டோம்.

முதுகுக் கறியை மிளகு போட்டு வறுத்தோம், அருமை! சிக்கல் தொடையிலும் சப்பையிலும்தான். துளிக் கொழுப்பு இல்லை, சீக்கிரம் வறண்டுவிடுகிறது. சப்பையைக் குழம்பு வைக்கக் குக்கரில் எத்தனை விசில் விடுவீர்கள்? தயிரில் ஊறவைத்தால் போதுமா, பப்பாளிக்காய் வேண்டுமா? கைமா உருண்டை உதிராமல் இருக்க ஆட்டுக் கொழுப்பு சேர்க்கலாமா? மாட்டுக் கொழுப்பு எங்கள் வீட்டில் ஆகாது.

அப்புறம் உப்புக்கண்டம். மாமியார் ஊரிலிருந்து போனில் தினமும் கேட்கிறார். காட்டுக் கறியை உலர்த்தும் முன் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சொல்கிறார்கள் இங்கே. அப்படிச் செய்தால் உப்பும் மஞ்சளும் உள்ளே பிடிக்குமா? வெளிநாட்டில் ஓவனிலோ டீஹைட்ரேட்டரிலோ போட்டுப் பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள், ப்ளீஸ்.