1952 வாஷிங்டன் ராடார்: விமானப்படை சொன்ன காரணம் எடுபடுமா?

முகில்வண்ணன்: "பறக்கும் தட்டுப் புகார்களை அமெரிக்க ராணுவம் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை" என்று கதிரவன் நேற்று அடித்துவிட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1947 செப்டம்பரில் ஜெனரல் நேதன் ட்வைனிங் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், இது கற்பனை இல்லை, உண்மையான ஏதோ ஒன்று என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் இந்தப் புகார்களை விசாரிக்க விமானப்படையின் ப்ராஜெக்ட் சைன் வந்தது. 1952 ஜூலையில், அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் விமான நிலைய ராடாரில் இனம் தெரியாத புள்ளிகள் தெரிந்தன. எஃப்-94 ஜெட்களை ஏவினார்கள். பொருட்படுத்தாதவன் ஜெட் அனுப்புவானா?

கதிரவன்: அனுப்பினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஜூலை 29 அன்று மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் பென்டகனில் நிருபர்களைக் கூட்டி விளக்கம் சொல்லிவிட்டார். கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் சூடான காற்று. அந்த இன்வர்ஷனில் ராடார் அலை வளைந்து, தரையில் இருப்பதெல்லாம் வானத்தில் இருப்பதுபோல் திரையில் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

முகில்வண்ணன்: அவ்வளவுதானா? பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த விமானப்படையின் ப்ளூ புக் திட்டத்துக்குத் தலைமை வகித்த கேப்டன் எட்வர்ட் ரூப்பெல்ட் என்ன எழுதினார் தெரியுமா? அந்தக் கோடையில் வாஷிங்டனில் இன்வர்ஷன் இல்லாத இரவே அபூர்வம். அப்படியென்றால் புள்ளிகள் ஏன் சில இரவுகளில் மட்டும் வந்தன? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி: எல்லா இன்வர்ஷனும் ஒரே அளவு இருக்காது முகில். அமெரிக்க சிவில் விமானத்துறை இதை ஆராய்ந்து 1953-இல் அறிக்கையே கொடுத்தது. காற்றடுக்குதான் காரணம் என்ற பக்கம்தான் அது நின்றது.

முகில்வண்ணன்: சரி, ராடாரை விடுங்கள். துரத்திப் போன விமானி கண்ணால் விளக்குகளைப் பார்த்தாரே? அவர் கண்ணிலுமா இன்வர்ஷன்? தவிர, நான் கேட்டது இரவுக் கணக்கு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கதிரவன்: போன மாதம், 1947-இல் ரோஸ்வெல்லில் பறக்கும் தட்டு விழுந்ததா என்ற விவாதத்திலும் இப்படித்தான் கேள்வியை மாற்றிக்கொண்டே போனீர்கள். கடைசியில் அது பலூன்தானே?

முகில்வண்ணன்: அந்தப் பழங்கணக்கை நானும் மறக்கவில்லை. 1947-இல் வானிலை பலூன் என்றார்கள். 1994-இல் அதே விமானப்படை, அது சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்கும் ப்ராஜெக்ட் மோகல் பலூனாக இருக்கலாம் என்றது. 47 வருடம் மறைத்தவர்களின் வாயிலிருந்து வந்த இன்வர்ஷனை நான் ஏன் நம்ப வேண்டும்?

கதிரவன்: மறைத்தது சொந்த ரகசியத்தை. யு-2 உளவு விமானத்தைப் பார்த்தவர்களுக்கும் பனிப்படிகம், இன்வர்ஷன் என்றுதான் சொன்னார்கள். சிஐஏ வரலாற்றாசிரியரே 1997-இல் எழுதிவிட்டார்.

முகில்வண்ணன்: பார்த்தீர்களா! இன்வர்ஷன் என்று பொய் சொன்னார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். யு-2 முதலில் பறந்தது 1955-இல். 1952-இல் எதை மறைத்தார்கள்?

தேன்மொழி: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழுவின் கவலை வேறு. புகார்கள் குவிந்து தகவல் தொடர்பே அடைத்துக்கொண்டால், சோவியத் உண்மையில் தாக்கும்போது எச்சரிக்கை போய்ச் சேராது. அதனால்தான் மக்களின் ஆர்வத்தைக் குறைக்கப் பிரசாரம் செய்யச் சொன்னார்கள்.

கதிரவன்: நான் சொன்னதும் அதுதான். பறந்ததாகச் சொன்ன தட்டை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

முகில்வண்ணன்: நீங்கள் சொன்னது அதுவே இல்லை. நேற்றைய பதிவை அழிக்காமல் வையுங்கள். ப்ளூ புக் 1969-இல் மூடும்போது 12,618 புகார்களில் 701-க்கு விளக்கம் இல்லை. அதையும் இன்வர்ஷனில் தள்ளிவிடுவீர்களோ?

கதிரவன்: தகவல் போதாமல் நின்றவை அவை. வாஷிங்டனில் இருந்தது இன்வர்ஷன். நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முகில்வண்ணன்: நூறு தடவை சொல்ல வேண்டாம். எந்த இரவுகளில் இன்வர்ஷன் இருந்தும் புள்ளி வரவில்லை, ஏன் வரவில்லை, அதை ஒரு தடவை சொல்லுங்கள். தேன்மொழி, நீங்கள் காட்டிய 1953 அறிக்கையிலிருந்தே எடுத்துப் போட்டாலும் சரி.