அம்மாவை வருமான வரியில் சார்ந்திருப்பவராகக் காட்டுவது தொடர்பாக உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 74 வயதான என் தாயார் கிரீன் கார்டு பெற்று, இரண்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் எங்களுடன் வசிக்கிறார். 2025-ஆம் ஆண்டுக்கான வரிப் படிவத்தில் அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்ட விரும்புகிறேன். அவருடைய செலவில் பாதிக்கு மேல் நான்தான் செய்கிறேன் என்பதால், டெக்சாஸில் இருக்கும் தம்பியுடன் படிவம் 2120 (பலர் செலவைப் பகிரும்போது, அவர்களில் ஒருவர் மட்டும் சார்ந்திருப்பவரைக் காட்டிக்கொள்ள மற்றவர்கள் ஒப்புக்கொள்வதற்கானது) வழியாக உடன்பாடு செய்துகொள்ளும் தேவை எழவில்லை.

சிக்கல் அவருடைய வருமானத்தில்தான் இருக்கிறது. சார்ந்திருப்பவருக்கான 2025-ஆம் ஆண்டு வருமான வரம்பு 5,200 டாலர். இந்தியாவில் வரும் வருமானமும் அதில் சேரும். மாதம் 18,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம், 15,000 ரூபாய் மதுரை வீட்டு வாடகை, ஆண்டுக்கு 60,000 ரூபாய் வைப்புநிதி வட்டி ஆகியவற்றை டாலருக்கு 87 ரூபாய் என்று கணக்கிட்டால் 5,241 டாலர் வருகிறது. நாற்பத்தோரு டாலரில் 500 டாலர் வரிச்சலுகை கைநழுவுகிறது! வீட்டுவரியையும் பழுதுபார்ப்புச் செலவையும் வாடகையில் கழிக்கவும் வழியில்லை.

அந்த வீட்டின் பட்டா இன்னும் மறைந்த அப்பாவின் பெயரிலேயே உள்ளது. உயில் எதுவும் இல்லை. வாடகை முழுவதும் அம்மாவின் வங்கிக் கணக்கில் சேர்ந்தாலும், வாரிசுகள் மூவர் என்பதால் அவருடைய பங்கை மட்டும் அவர் வருமானமாகக் காட்ட முடியுமா? அப்படிச் செய்தவர்கள் வாரிசுச் சான்றிதழைத் தவிர வேறு எந்த ஆவணங்களை வைத்திருந்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.