வேளச்சேரி–அம்பத்தூர் தினசரி ஓட்டம்: எந்த கார்?

கேள்வி:
தினமும் போய்வர 40 கி.மீ. கத்திப்பாராவில் மட்டும் அரை மணி நேரம் ஊர்கிறேன். இப்போதைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 தாண்டவில்லை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வலி வேறு. அம்மாவின் சக்கர நாற்காலியும் டிக்கியில் போக வேண்டும். எது வாங்கலாம்?

பதில் 1:
வேகன்ஆர் சிஎன்ஜி (இயற்கை எரிவாயுவில் ஓடும் கார்) வைத்திருக்கிறேன் சார். கம்பெனிக் கணக்கு கிலோவுக்கு 34.05 கி.மீ.; எனக்கு நகரத்தில் 26. ஆனால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும், கிளட்ச்சும் உண்டு. உங்களுக்கு ஒத்துவராது.

பதில் 2:
டியாகோ சிஎன்ஜி ஏஎம்டி (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை) பாருங்க தம்பி. இரட்டைச் சிலிண்டர் டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும், கிளட்ச் மிதிக்க வேண்டாம். நாற்காலியை ஷோரூமுக்கே எடுத்துப்போய் மடித்து வைத்துப் பாருங்க.

கேட்டவர்:
சரி அண்ணா, சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிப்போகிறேன்.