மேடை மைக்கா உப்புகிறது, அவசரம்!

கொசப்பேட்டைக்காரன்:
வணக்கம். சமையல் மேடைக்கு நானே மைக்கா ஷீட் ஒட்டினேன். ஒட்டின அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. இப்போது நடுவில் உப்பிக்கொண்டு வருகிறது, சிங்க் பக்கம் ஓரமும் தூக்குகிறது. ஞாயிறு அன்று மாமியார் வீட்டிலிருந்து வருகிறார்கள். பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவதா, ஓட்டை போட்டுப் பசை ஏற்றுவதா? சீக்கிரம் சொல்லுங்கள். போட்டோ ஏற மாட்டேன் என்கிறது.

பாலாறு:
எதன் மேல் ஒட்டினீர்கள்? பிளைவுட்டா, மரத்தூள் பலகையா, பழைய கடப்பா கல் மேலேயேவா? என்ன பசை?

காட்பாடி ஜங்ஷன்:
ஒட்டி எத்தனை நாள் ஆச்சு ப்ரோ? உப்பல் அடுப்புக்குக் கிட்டவா, தள்ளியா?

வெயிலூர் வாசி:
பசையெல்லாம் அப்புறம். இது வெயில் செய்கிற வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே சமையலறை என்றால் நம்ம வேலூரில் மதியம் அடுப்பு பற்ற வைக்காமலே கொதிக்கும். மைக்கா என்பது பிசினில் ஊறவைத்துச் சூட்டில் அழுத்தின தாள்தான். ஈரக் காற்றில் நீளும், காய்ந்தால் சுருங்கும். கடையிலிருந்து சுருட்டி எடுத்து வந்த கையோடு ஒட்டியிருப்பீர்கள். ரெண்டு நாள் அதே அறையில் விரித்துப் போட்டிருக்க வேண்டும்.

ரசமட்டம் (மூத்த உறுப்பினர்):
இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பலகை எது, பசை எது என்று சொல்லாமல் ‘உப்புகிறது’ என்றால் வைத்தியரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வது போல. வெளிநாட்டில் 38 எம்எம் பலகையில் தொழிற்சாலையிலேயே ஒட்டி, முன்பக்க விளிம்பை வளைத்து, தயாராக வரும். அளவுக்கு அறுத்து மாட்டுவதுதான் வேலை. வீட்டில் உட்கார்ந்து பசை தடவுவதெல்லாம் அலமாரிக் கதவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ராணிப்பேட்டை ரசிகன்:
கோட்டையையே கருங்கல்லில் கட்டின ஊர். வடாற்காட்டில் திரும்பின பக்கமெல்லாம் பாறை. இங்கே உட்கார்ந்து மேடைக்குத் தாள் ஒட்டுவானேன்? கிரானைட் போட்டுவிட்டுப் போங்கள், பேரன் காலம் வரை கிடக்கும்.

சத்துவாச்சாரி அக்கா:
வாடகை வீட்டில் யார் கிரானைட் போடுவது தம்பி? காலி பண்ணும்போது முதுகில் கட்டிக்கொண்டு போகவா? அதோடு எடையைப் பார்த்தாயா? 18 எம்எம் கிரானைட் சதுர அடிக்கு நாலரை கிலோ வரும். எட்டுக்கு இரண்டு மேடை என்றால் 70 கிலோவுக்கு மேல். கீழே இருக்கிற பெட்டி மரத்தூள் பலகை என்றால் வளைந்துவிடும்.

ராணிப்பேட்டை ரசிகன்:
அக்கா, எங்கள் வீட்டில் கடப்பா கல் போட்டு முப்பது வருஷம். ஒரு கீறல் இல்லை.

சத்துவாச்சாரி அக்கா:
கீறல் இல்லை, சரி. எலுமிச்சைச் சாறும் புளியும் கொட்டின இடத்தில் வெளுத்திருக்குமே, அதைச் சொல்லவில்லையே. கடப்பா சுண்ணாம்புக் கல், புளிப்பு ஆகாது.

பாலாறு:
கல் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். கேட்டவர் எங்கே?

கொசப்பேட்டைக்காரன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பிளைவுட்தான், 18 எம்எம், வாட்டர்ப்ரூப் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பசை அந்த மஞ்சள் கலர், டப்பாவில் வருமே. ரெண்டு பக்கமும் தடவி, காய்வதற்குள் ஒட்டிவிட்டேன். ஈரமாக இருந்தால்தானே பிடிக்கும்?

உளி_ரம்பம்:
அண்ணா, இப்போதுதான் விஷயம் வந்தது. மஞ்சள் பசை ரப்பர் பசை. வெள்ளைப் பசைதான் ஈரத்தோடு ஒட்டி இரவெல்லாம் பாரம் ஏற்றுவது. ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிஷம். வெயில் நாளில் இன்னும் சீக்கிரமே காயும். ஈரத்தோடு மூடினால் தின்னர் ஆவி வெளியே போக வழியில்லாமல் நடுவில் குமிழியாக நிற்கும். வெயிலூர் அண்ணன் சொன்னதும் உண்டு, ஆனால் இங்கே முதல் காரணம் இதுதான்.

சிங்க் ஓரம் வேறு கதை. உப்பலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ‘டப்’ என்று உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் மைக்கா மட்டும் பிரிந்திருக்கிறது. சிங்க் பக்கம் அழுத்தினால் கல் மாதிரி நிற்கிறதா? அப்படியானால் பலகையே பருத்திருக்கிறது. மேடைக்குக் கீழே குனிந்து, சிங்க்குக்கு வெட்டின விளிம்பைத் தடவிப் பாருங்கள். நார் நாராக வரும்.

வெயிலூர் வாசி:
மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு என்று பேர் வாங்கின ஊரில் பலகைக்குள் மட்டும் தண்ணீர் எப்படிப் போச்சு என்று தெரியவில்லை.

ரசமட்டம் (மூத்த உறுப்பினர்):
வாட்டர்ப்ரூப் என்று வாயால் சொன்னால் போதாது. பலகையில் ஐஎஸ் 710, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 303 என்று மட்டும் இருந்தால் அதிலேயே ரெண்டு தரம் உண்டு, எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்குவது) என்றால் சிங்க் பக்கம் நிற்காது. இதுவும் நான் முன்பே எழுதியதுதான்.

கொசப்பேட்டைக்காரன்:
நடுவில் டப் என்கிறது. சிங்க் பக்கம் கல் மாதிரிதான். முத்திரை கீழ்ப்பக்கம் இருக்கும்போல, கண்ணுக்குத் தெரியவில்லை.

உளி_ரம்பம்:
ஓட்டை போடாதீர்கள், தழும்பு போகாது. மைக்கா மேல் பருத்தித் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் மேல்தாள் பழுத்துவிடும். ரப்பர் பசை சூட்டில் மறுபடி இளகும். உடனே சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஆறும்வரை உருட்டுங்கள். பிறகு பலகை வைத்து மேலே அரிசி மூட்டை. இஸ்திரியோ தின்னரோ, எது எடுத்தாலும் அடுப்பு அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சிங்க்கைக் கழற்றி, விளிம்பை நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, வெட்டின பலகை முழுக்க எனாமலோ நீர் புகாத பசையோ பூசி, சிங்க் உதட்டுக்கு அடியில் சிலிக்கோன் பசை ஓட்டித் திரும்பப் பதிக்க வேண்டும். பருத்த இடம் முழுசாக இறங்காது, மேற்கொண்டு வளராது.

கொசப்பேட்டைக்காரன்:
நடு இறங்கிவிட்டது, நன்றி அண்ணா. சிங்க்கைக் கழற்ற இப்போதைக்கு நேரமில்லை. அந்த மூலையில் பாத்திரக் கூடை வைத்துவிட்டேன்.

பாலாறு:
ஈரப் பாத்திரக் கூடையா?

காட்பாடி ஜங்ஷன்:
எனக்கு இதே தொல்லை பீரோ கதவில். இங்கேயே கேட்கலாமா?

ரசமட்டம் (மூத்த உறுப்பினர்):
புதிய இழை தொடங்கவும்.