வயிற்றிலேயே இறந்த பிள்ளையைப் பற்றி யாரிடம் பேசுவது?

பாம்பன் பெண்:
ஒன்பதாம் மாதம். அசைவு குறைந்த மாதிரி இருக்கிறதே என்று ஸ்கேனுக்குப் போனேன். துடிப்பு இல்லை என்றார்கள். மருந்து கொடுத்து வலி வரவைத்துத்தான் பெற்றேன். பெண் பிள்ளை, தலை நிறைய முடி. ஒரு தடவை முகத்தைப் பார்த்ததோடு சரி. அவரும் மாமாவும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்கிறார்கள்.

வளைகாப்பு வளையல்களை அத்தை எங்கோ எடுத்து வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் "வயசு இருக்கு, அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்கிறார்கள். அவர் விசைப்படகில் போகிறார். கரைக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்படிப் பறிகொடுத்தவர்கள் ராமநாதபுரம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? பால் வேறு கட்டி வலிக்கிறது.

ராமநாதபுரம் செவிலியர்:
முதலில் பால். நன்றாகத் தாங்கும் உள்ளாடை போடுங்கள், குளிர்ந்த துணி வையுங்கள். முழுதாகப் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். வலி தாங்காதபோது கொஞ்சம் எடுத்தால் போதும். காய்ச்சலோ மார்பில் சிவப்போ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இரத்த அழுத்தமா, சர்க்கரையா, நஞ்சுக்கொடியா, என்ன காரணம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல சமயம் காரணம் தெரியாமலே போகும், ஆனாலும் கேட்க வேண்டும். இரவில் மனசு தாங்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் என்பார்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மண்டபம் அக்கா:
தங்கச்சி, நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். என் பையன் போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல் சீக்கிரமே கடலுக்குப் போய்விட்டேன். மரிக்கொழுந்துப் பாசி பறிக்க விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒரு அக்கா, "உன் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருப்ப?" என்று கேட்டார். அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. சொன்னேன். உடனே அவர் தன் பிள்ளை பேரைச் சொன்னார், அப்புறம் இன்னொருத்தி. அத்தனை வருடம் ஒரே வல்லத்தில், ஒரே படகில் போயிருக்கிறோம், யாருக்கும் யாருடையதும் தெரியாது!

நீ தேடுகிற ஆட்கள் உன் தெருவிலேயே இருப்பார்கள். யாராவது ஒருத்தர் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அடக்கம் செய்த இடத்தை விடாதே, கேட்டு வாங்கு. நான் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அவனுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழு முடிந்ததும் நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசுவோம். நீயும் வா.

தொண்டி மீனவர்:
உங்கள் வீட்டுக்காரருக்காக ஒன்று சொல்கிறேன், தங்கச்சி. என் மகளை நான்தான் துணியில் சுற்றித் தூக்கிப்போனேன். அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது. மனைவி அழுதுவிடுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து படகு கட்டிக் கிடந்தபோது, வலை பழுதுபார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். அவரைக் கேளுங்கள், ஆனால் மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

பாம்பன் பெண்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஞாயிறு வருகிறேன். அத்தையையும் கூட்டி வரலாமா? அவருக்கும் முதல் பிள்ளை இப்படித்தான் போனதாம், நேற்றுத்தான் சொன்னார்.