மனந்திரும்பினால்தான் வேதம் புரியுமா?

வேர்தேடி:
பைபிளில் இரண்டாம் கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. வேதம் வாசிக்கப்பட்டாலும் இருதயத்தின்மேல் ஒரு முக்காடு கிடக்கிறது, கர்த்தரிடத்தில் மனந்திரும்பும்போதுதான் அது எடுபடும். எல்லாம் புரிந்த பிறகு விசுவாசத்துக்கு வருகிறேன் என்பவர்கள் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். நானும் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பழைய இலக்கியமாகத்தான் வாசித்து வந்தேன். விசுவாசத்துக்கு வந்தபின் 53-ஆம் அதிகாரம் என்னிடமே பேசியது.

கேள்விக்காரன்:
"முதலில் நம்பு, அப்புறம் புரியும்" என்று எந்த மதத்துக்காரரும் சொல்லலாம், சொல்கிறார்கள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டவருக்குப் படிப்பதெல்லாம் அதற்குச் சாதகமாகத் தெரிவது இயல்பு. புரியவில்லை என்று வருபவரிடம் "நீ இன்னும் மனந்திரும்பவில்லை" என்று சொல்லிவிட்டால், உங்கள் வாதத்தை யாராலும் அசைக்க முடியாது. அதுதான் அதன் பலவீனமும்.

கடைசி இருக்கை:
நானும் விசுவாசிதான். ஆனாலும் வேர்தேடி சொல்லும் வரிசையை அப்போஸ்தலர் நடபடிகளில் நான் பார்க்கவில்லை. 8-ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் வாசித்துக்கொண்டிருந்ததும் அதே ஏசாயா 53-தான். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார் அவர். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறார். ஞானஸ்நானம் அதற்கு அப்புறம். பெரோயா பட்டணத்தாரும் தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்துத்தான் விசுவாசித்தார்கள்.

வேர்தேடி:
விளக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. பவுலுக்கு வேதம் தெரியாதா? யூத வேத போதகர் கமாலியேலிடம் படித்தவர். அத்தனை படிப்போடும் சபையைத் துன்பப்படுத்தினார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசுவைச் சந்தித்த பிறகுதான் படித்தது அவருக்குத் திறந்தது. ஆதிகாலச் சபையின் இறையியலாளர் அகஸ்டினும், புரிந்துகொள்வதற்காக விசுவாசி என்றுதான் போதித்தார்.

கேள்விக்காரன்:
அகஸ்டினின் வாழ்க்கை உங்களுக்கு எதிர்சாட்சி. மிலானில் பிஷப் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டார், பிளேட்டோ மரபு நூல்களைப் படித்தார், அறிவு சார்ந்த தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 386-இல் தோட்டத்தில் அழுதது புரியாததால் அல்ல. பழைய வாழ்க்கையை விட மனம் வராததால்.

இன்னொருவரையும் சொல்கிறேன். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748-இல் கடும்புயலில் சிக்கிக் கடவுளிடம் திரும்பினார். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1754-இல் உடல்நிலை காரணமாகத்தான் கடலை விட்டார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய துண்டுநூல் வந்தது 1788-இல். நாற்பது வருஷம்! முக்காடு எடுபட்டவருக்குக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்த மனிதர்கள் தெரியவில்லையா?

வேர்தேடி:
கடினமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பவுல் வாக்களிப்பது எல்லாவற்றையும் பற்றிய தெளிவை அல்ல, கிறிஸ்துவைப் பற்றிய தெளிவை. அது மனச்சாட்சியின் ஒவ்வொரு மூலைக்கும் போய்ச் சேர நாளாகும். ஆனால் 1788-இல் அவரை எழுத வைத்ததும் அதே விசுவாசம்தானே?

கேள்விக்காரன்:
அந்தக் காலத்தில் அடிமை வியாபார ஒழிப்பு இயக்கமும் கிளம்பியிருந்தது. எது எவ்வளவு மாற்றியது என்று எப்படிச் சொல்வது?

கடைசி இருக்கை:
சரி, யோவான் 7:17-ஐப் பாருங்கள். பிதாவின் சித்தப்படி செய்ய மனதுள்ளவன், இந்த உபதேசம் தேவனால் வந்ததா என்று அறிந்துகொள்வான் என்கிறார் இயேசு. 'செய்ய மனது' என்பதுதான் அங்கே வாசல். நியூட்டனுக்குத் தாமதமானதும் அங்கேதான் என்பது என் எண்ணம். அவர் ஜெபித்தார், வேதம் வாசித்தார், பிழைப்பை மட்டும் கேள்வி கேட்கவில்லை.

கேள்விக்காரன்:
இது பரவாயில்லை, செய்து பார்க்கக்கூடிய பேச்சு. அப்படியானால் விசுவாசம் இல்லாத நான் இயேசுவின் மலைப்பிரசங்கத்தின்படி நடந்து பார்த்தால், எனக்கும் ஏதாவது புரிய வேண்டுமா இல்லையா?

வேர்தேடி:
புரியும். ஆனால் சத்துருவைச் சிநேகிப்பதில் ஆரம்பியுங்கள், சுலபமானதில் அல்ல. சொந்தப் பலத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.